மெடிக்கல் பிசிக்ஸ் படித்து வேலைக்குச் சேர்வது எப்படி: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

காலை ஏழு மணிக்கு லினாக் (புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இயந்திரம்) அறையில் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். இயந்திரத்தை வார்ம்-அப் செய்ய விட்டு, சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா என்று பார்ப்பேன். பிறகு கவுச்சின் (நோயாளி படுக்கும் மேசை) மேல் அளவுக் கருவியை வைத்து, கதவை மூடிவிட்டு வெளியே வந்து, நூறு எம்.யூ. (மானிட்டர் யூனிட், இயந்திரம் தரும் கதிரை எண்ணும் அலகு) கொடுப்பேன். திரையில் வரும் எண் வழக்கமான அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், காரணம் தெரியும்வரை அன்று சிகிச்சை தொடங்காது. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

நம் பக்கம் இந்தச் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. உயர் ஆற்றல் எக்ஸ்ரேதான் கட்டியின் மேல் விழுகிறது. எங்கே, எவ்வளவு என்று டாக்டர் முடிவு செய்கிறார். நோயாளியைப் படுக்கவைத்துச் சிகிச்சையை இயக்குபவர் டெக்னாலஜிஸ்ட். டாக்டர் கேட்ட அளவு கட்டிக்குப் போய், பக்கத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கும் நுரையீரலுக்கும் முடிந்தவரை குறைவாகப் போகும்படி பிளான் போடுவதும், அந்த இயந்திரம் சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று அளந்து உறுதி செய்வதும் மெடிக்கல் பிசிசிஸ்ட் வேலை.

போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பெண் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். "ஏன் சார், இது எக்ஸ்ரே எடுக்குற வேலைதான? அதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி.?" என்று கேட்டார். இரண்டு பேரையும் பிளானிங் அறைக்குக் கூட்டிப்போய், பெயர் நீக்கிய ஒரு பழைய பிளானைத் திறந்து காட்டினேன். இடது மார்பகப் புற்றுநோய். "இந்தச் சிவப்புக் கோட்டுக்குள்ள இருக்கிறது இருதயம்ணே. பீம் இந்தக் கோணத்துல வந்தா அதுல பட்டுடும். ரெண்டு டிகிரி திருப்பினா விலகிடும். அதைக் கணக்குப் போடுறதுதான் எங்க வேலை" என்றேன். அவர் ரொம்ப நேரம் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் உங்களை முழுத் தகுதியுள்ள ஆளாக ஆக்குவது மூன்று தாள்கள்: பட்டம், 12 மாத இன்டர்ன்ஷிப் சான்று, ஆர்.எஸ்.ஓ. (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்) சான்று. பட்டத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆர்.எஸ்.ஓ. தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கிறார்கள். நடுவில் இருக்கும் இன்டர்ன்ஷிப்பைத்தான் கோட்டை விடுகிறார்கள். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த ஒரு வருடத்தில் முடிவாகிவிடுகிறது.

முதல் படி: எந்தப் பட்டம்?

இந்தியாவில் கதிர்வீச்சு தொடர்பான எல்லாவற்றுக்கும் அனுமதி தருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983இல் தொடங்கப்பட்டது. துறையில் எல்லோரும் ஏ.இ.ஆர்.பி. என்றே சொல்வோம். யார் மெடிக்கல் பிசிசிஸ்ட் என்று வரையறுப்பதும் அதுதான். வழி இரண்டு.

ஒன்று, இயற்பியலை முக்கியப் பாடங்களில் ஒன்றாகக் கொண்ட அறிவியல் இளநிலைப் பட்டம், அதன்மேல் எம்.எஸ்ஸி. மெடிக்கல் பிசிக்ஸ். மற்றொன்று, எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ரேடியலாஜிகல் பிசிக்ஸில் டிப்ளமோ. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1962 முதல் நடந்துவரும் டிப்.ஆர்.பி. இந்த இரண்டாவது வகை. எந்த வழியில் போனாலும் குறைந்தது 12 மாத இன்டர்ன்ஷிப் கட்டாயம்.

மதுரையில் இதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி, லேடி டோக் என எங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தாலும் போதும். இளநிலையிலேயே 'மெடிக்கல்' என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்று தேடி அலையாதீர்கள். ரேடியாலஜி டெக்னாலஜி போன்ற பி.எஸ்ஸி. படிப்புகள் நல்ல படிப்புகள்தான், ஆனால் அவை டெக்னாலஜிஸ்ட் வேலைக்கானவை. அங்கிருந்து பிசிசிஸ்ட் பாதைக்கு மாறுவது சுலபமில்லை. பயோமெடிக்கல் பொறியியல் படித்தவர்கள் சேரும் முன்பே ஏ.இ.ஆர்.பி.யின் தகுதி விதியைத் தங்கள் பட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். இளநிலையில் நியூக்ளியர் பிசிக்ஸ், மின்காந்தவியல், புள்ளியியல் மூன்றையும் உருப்படியாகப் படித்துவைத்தால் பின்னால் பாதிச் சுமை குறையும்.

இரண்டாவது படி: எந்தக் கல்லூரி?

தமிழ்நாட்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. மதுரையிலிருந்து திருச்சி பக்கம்தான், கோவைக்கும் பஸ்ஸில் அரை நாளில் போய்விடலாம். எங்கே சேர்வதாக இருந்தாலும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் துறைத் தலைவரிடமோ முன்னாள் மாணவர்களிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு ஏ.இ.ஆர்.பி. அங்கீகாரம் பெற்றதா? இன்டர்ன்ஷிப் இடத்தைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்கிறதா, நாமே தேட வேண்டுமா? போன வருடம் முடித்தவர்கள் எந்த மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு மருத்துவமனைப் பெயர்கள் சட்டென்று வந்தால் நல்ல அறிகுறி. 'அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி' என்று பதில் வந்தால் இன்னும் ஒரு இடம் விசாரியுங்கள். எம்.எஸ்ஸி. இயற்பியலில் மெடிக்கல் பிசிக்ஸை ஒரு விருப்பப் பாடமாகப் படிப்பதும், எம்.எஸ்ஸி. மெடிக்கல் பிசிக்ஸ் என்ற பட்டமும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டு இரண்டு வருடம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது படி: இன்டர்ன்ஷிப்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் இன்டர்ன்ஷிப்பைத் தொடங்கிய இடத்தில் முதல் நான்கு மாதம் எனக்குக் கிடைத்த வேலை, பதிவேட்டில் நோயாளி பெயரும் ஃப்ராக்ஷன் (சிகிச்சைத் தவணை) எண்ணிக்கையும் எழுதுவது. அளவெடுக்கும்போது பக்கத்தில் நிற்க விடுவார்கள், சேம்பரை (கதிர்வீச்சை அளக்கும் கருவி) தொட விடமாட்டார்கள். கேட்டால், 'உடைஞ்சா யார் பணம் கட்டுறது?' என்பார்கள். ஐந்தாவது மாதம் மூத்த பிசிசிஸ்ட் ஒருவரிடம் நேராகப் போய், 'சார், சனிக்கிழமை சாயங்காலம் நீங்க க்யூஏ (தரச் சோதனை) எடுக்கும்போது நானும் இருக்கேன், தண்ணி டேங்க்கை நான் செட் பண்றேன்' என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த எட்டு மாதம் சனிக்கிழமை ஒன்றைக்கூட விடவில்லை. நான் கற்றதில் முக்கால்வாசி அந்தச் சனிக்கிழமைகளில் கற்றதுதான். இழந்த அந்த நான்கு மாதம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் கட்டடத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். என்ன இயந்திரங்கள் இருக்கின்றன, பிராக்கிதெரபி (கதிரியக்க மூலத்தைக் கட்டிக்கு அருகில் வைத்துத் தரும் சிகிச்சை) நடக்கிறதா, இன்டர்ன்களுக்குப் பிளானிங் ஸ்டேஷனில் உட்கார நேரம் தருகிறார்களா, மாதாந்தரச் சோதனையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடங்களில் நோயாளிகள் அதிகம், பலவகைச் சிகிச்சைகளைப் பார்க்கலாம். சிறிய மையத்தில் ஒரே ஒரு லினாக் இருந்தாலும், அங்கே உங்கள் கையில் வேலை வரும். எனக்குக் கேட்டால், இயந்திரத்தைத் தொட விடும் சிறிய மையம், வேடிக்கை பார்க்க வைக்கும் பெரிய மையத்தைவிட மேல். கோபால்ட் யூனிட் (கதிரியக்கக் கோபால்ட்டால் இயங்கும் சிகிச்சை இயந்திரம்) இருக்கும் இடம் என்றால் தயங்காமல் போங்கள். கதிரியக்க மூலத்தின் சிதைவைக் கணக்கிட்டுச் சிகிச்சை நேரத்தை மாற்றுவது அடிப்படையைக் கற்றுத்தரும்.

பன்னிரண்டு மாதத்தில் உங்கள் கையால் நடந்திருக்க வேண்டியவை: தண்ணீர் ஃபாண்டமில் (உடம்புக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டி) 0.6 சி.சி. ஃபார்மர் சேம்பரை வைத்து, டி.ஆர்.எஸ். 398 (சர்வதேச அணுசக்தி முகமையின் அளவீட்டு நெறிமுறை) முறையில் முழு அவுட்புட் (இயந்திரம் தரும் கதிர்வீச்சு அளவு) கணக்கீடு, குறைந்தது பத்துத் தடவை. தினசரி, மாதாந்தரச் சோதனைகள். மார்பகம், தலை-கழுத்து, கர்ப்பப்பை வாய் மூன்றிலும் நீங்களே போட்ட பிளான்கள். ஐ.எம்.ஆர்.டி. (கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றித் தரும் முறை) பிளானை நோயாளிக்குக் கொடுக்கும் முன் அளந்து சரிபார்க்கும் நோயாளிவாரிச் சோதனை. பிராக்கிதெரபியில் இரிடியம் என்ற கதிரியக்க மூலத்தை மாற்றும் நாளன்று உடன் இருந்து அதன் வலிமையை அளப்பது. இரிடியம்-192இன் அரை ஆயுள் சுமார் 74 நாள் என்பதால் சில மாதத்துக்கு ஒரு முறை அந்த வாய்ப்பு வரும். அன்று லீவு போடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி, இயந்திரம், கிடைத்த எண், யார் பார்த்தார் என்று எழுதி, மூத்தவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். சான்றிதழில் 'ஓராண்டுப் பயிற்சி முடித்தார்' என்று மட்டும் இருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும். என் நோட்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது, முதல் நான்கு மாதப் பக்கங்கள் வெறுமையாக.

நான்காவது படி: ஆர்.எஸ்.ஓ.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பொறுப்புக்கான தகுதி இது. கதிர்வீச்சுச் சிகிச்சை நடத்தும் எந்த மருத்துவமனையும் ஒரு மெடிக்கல் பிசிசிஸ்டும், ஏ.இ.ஆர்.பி. ஒப்புதல் பெற்ற ஆர்.எஸ்.ஓ.வும் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. பல மையங்களில் இரண்டு பொறுப்பையும் ஒருவரே வகிப்பார். அதனால் கையில் ஆர்.எஸ்.ஓ. சான்று இருக்கும் பிசிசிஸ்டுக்கும் இல்லாதவருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் உண்டு, அழைப்பு வரும் வேகத்திலும் உண்டு.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தேவையானது மூன்றாம் நிலைத் தேர்வு. பாபா அணு ஆராய்ச்சி மையம் (பி.ஏ.ஆர்.சி.) நடத்துகிறது. கதிர்வீச்சு அளவியல், பாதுகாப்பு விதிகள், சுவர்த் தடிமன் கணக்கீடு, அவசர நிலைக் கையாளல், மூலங்களைக் கொண்டுசெல்லும் விதிகள் எல்லாம் கேட்பார்கள். தேர்ச்சி பெற்றால் மட்டும் ஆர்.எஸ்.ஓ. ஆகிவிட முடியாது. வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனை ஏ.இ.ஆர்.பி.யின் இ-லோரா இணையதளத்தில் உங்களை நியமனத்துக்குப் பரிந்துரைத்து, ஏ.இ.ஆர்.பி. ஒப்புதல் தர வேண்டும். இ-லோராவில் உங்கள் பெயர், பட்டம், பிறந்த தேதி மூன்றும் சான்றிதழில் இருப்பதுபோலவே இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருந்தால் வீண் அலைச்சல்.

வீட்டில் பயப்படுகிறவர்களுக்கு

உசிலம்பட்டி அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வி இது: "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா சார்? கதிர் அடிக்காதா?"

நியாயமான கேள்வி. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. நம் மேல் பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்ய நெஞ்சில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை படித்துப் பார்க்கப்படுகிறது. லினாக் ஓடும்போது நாம் கனத்த கான்கிரீட் சுவருக்கு வெளியே இருக்கிறோம். முறையாக வேலை செய்யும் பிசிசிஸ்டின் பேட்ஜில் வரும் எண் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகாது. கர்ப்பம் தரித்ததைத் தெரிவித்த பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதற்கேற்ப வேலையை மாற்றித் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. பெண்கள் தாராளமாக வரலாம்.

ஐந்தாவது படி: வேலை எங்கே இருக்கிறது?

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இயங்குகிறது. மேலூர் ரோட்டில் மீனாட்சி மிஷன் இருக்கிறது. இவற்றைத் தவிர வேறு தனியார் மையங்களும் உண்டு. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும்போது பிசிசிஸ்ட் தேவைப்படுவார்கள். என்றாலும் ஒரு ஊரில் இருக்கும் மொத்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'மதுரையை விட்டுப் போகமாட்டேன்' என்று முதல் வேலைக்கே நிபந்தனை போடாதீர்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், திருச்சி, கோவை வரை பாருங்கள். இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு திரும்பி வருவது எளிது.

அரசு வேலைக்கு, மாநில மருத்துவமனைகள் என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். மத்திய அரசு என்றால் எய்ம்ஸ்கள், புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா மெமோரியல் போன்றவை தனித்தனியாக விளம்பரம் கொடுக்கும். தனியார் மையங்களின் இடங்கள் பல, விளம்பரத்துக்கு வரும் முன்பே நிரம்பிவிடுகின்றன. ஒரு பிசிசிஸ்ட் விலகினால், 'உனக்குத் தெரிஞ்ச நல்ல பையன் யாராச்சும் இருக்காங்களா?' என்று இன்னொரு பிசிசிஸ்டுக்குத்தான் முதல் போன் போகும். 1976இல் தொடங்கிய இந்திய மருத்துவ இயற்பியலர் சங்கத்தில் மாணவராக இருக்கும்போதே சேருங்கள், மாநாட்டுக்குப் போங்கள், ஒரு சின்ன போஸ்டராவது வையுங்கள். உங்களைத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

சிகிச்சைக்கு வெளியேயும் கதவுகள் உண்டு. பெட்-சி.டி. வைத்திருக்கும் நியூக்ளியர் மெடிசின் பிரிவுகள், எக்ஸ்ரே, சி.டி. இயந்திரங்களைச் சோதித்துச் சான்று தரும் க்யூஏ நிறுவனங்கள், லினாக் தயாரிக்கும் கம்பெனிகளில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலை. கடைசியாகச் சொன்னதில் சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போக வேண்டும்.

வளைகுடா நாடுகளில் அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் லைசென்ஸ் வேண்டும், பணி அனுபவம் கேட்பார்கள். பிரிட்டனில் கிளினிக்கல் சயன்டிஸ்ட்டாகப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி முடிக்காமல் போர்டு தேர்வை முடிக்க முடியாது. அமெரிக்கக் கனவு இருந்தால் அதற்கான படிப்பை அங்கேயே தொடங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

ஆறாவது படி: பயோடேட்டா

ஒன்றரைப் பக்கம் போதும். 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்' என்பதை எடுத்துவிட்டு, எந்த லினாக், எந்தப் பிளானிங் மென்பொருள், எந்த அளவுக் கருவி, எத்தனை பிளான், எத்தனை பிராக்கி கேஸ் என்று எழுதுங்கள். நீங்களே செய்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் தனித்தனியாகப் போடுங்கள். பார்த்ததைச் செய்ததாக எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

ஏழாவது படி: நேர்காணல்

புதிதாக வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: 'அறையில் 24 டிகிரி, பாரோமீட்டரில் 995 மில்லிபார். வெப்ப-அழுத்தத் திருத்தம் எவ்வளவு?' சேம்பருக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றோடு தொடர்புடையது. காற்று விரிந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் குறையும், மீட்டர் குறைவாகக் காட்டும். 20 டிகிரியும் 1013.25 மில்லிபாரும் அடிப்படை. 297.2ஐ 293.2ஆல் வகுத்து, 1013.25ஐ 995ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.032. இதை விட்டுவிட்டால் 3.2 சதவீதப் பிழை. சூத்திரம் எல்லோரும் சொல்கிறார்கள். 'இதே சேம்பரைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால்?' என்று அடுத்துக் கேட்பேன். அங்கே அழுத்தம் 790 பக்கம் இருக்கும், திருத்தம் கால் பங்குக்கு மேல் போய்விடும். இயற்பியலைப் புரிந்து படித்தவர் எண்ணைச் சொல்லாவிட்டாலும் 'நிறைய மாறும் சார், மலை மேல காத்து லேசு' என்றாவது சொல்வார். அது எனக்குப் போதும்.

கோபால்ட் கணக்கும் வரும். அரை ஆயுள் 5.27 வருடம். இன்று 120 விநாடி எடுக்கும் சிகிச்சை ஒரு வருடம் கழித்துச் சுமார் 137 விநாடி எடுக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நம் பக்கம் நிறைய வருவதால் பிராக்கிதெரபி உயிரியல் கணக்கையும் கேட்பார்கள்: 7 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் நான்கு முறை கொடுத்தால், ஆல்பா-பீட்டா (திசு கதிர்வீச்சுக்கு எப்படி எதிர்வினை தருகிறது என்று காட்டும் எண்) 10 என்று வைத்து, 2 கிரே முறைக்கு இணையான அளவு என்ன? 28ஐ 17ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 39.7 கிரே. அதோடு 25 முறையில் கொடுத்த 45 கிரே வெளிச் சிகிச்சையின் 44.3ஐச் சேர்த்தால் ஏறத்தாழ 84. இதைத் தாளில் போட்டுக்காட்டத் தெரிய வேண்டும்.

கணக்கு முடிந்ததும் ஒரு சூழ்நிலைக் கேள்வி வரும். 'ஐந்தாவது ஃப்ராக்ஷனில் தவறான வெட்ஜ் (கதிரின் அளவைச் சரிவாக மாற்றும் ஆப்பு வடிவத் தகடு) போட்டது தெரியவந்தது. என்ன செய்வீர்கள்?' சிகிச்சையை நிறுத்தி, டாக்டரிடம் உடனே சொல்லி, உண்மையில் போன அளவைக் கணக்கிட்டு, எழுதி வைத்து, மீதியைத் திருத்துவேன் என்று சொல்லுங்கள். மனதாரச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒருநாள் அது நடக்கும்.

எட்டாவது படி: கையெழுத்துப் போடும் முன்

ஆஃபர் கடிதத்தில் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்.எஸ்.ஓ. பொறுப்பு உங்களுக்கா, அதற்குத் தனி அலவன்ஸ் உண்டா, மாலை நேரத்திலும் ஞாயிறிலும் க்யூஏ எடுத்தால் மாற்று விடுப்பு உண்டா, நீங்கள் ஒரே ஒரு பிசிசிஸ்டா என்று கேளுங்கள். புதிதாக வருபவர் தனியாளாகச் சேர்வதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சந்தேகம் வந்தால் கேட்க பக்கத்தில் ஒருவர் இருக்கும் இடம், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் முதல் இரண்டு வருடத்துக்கு அதுவே நல்ல இடம். ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விலகும்போது ரிலீவிங் கடிதத்தோடு உங்கள் கதிர்வீச்சு அளவுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு சாயங்காலம் நேரம் கேட்டு வாங்கி, தண்ணீர் டேங்கை நிரப்பி, நீங்களே அவுட்புட் எடுங்கள். சுவரில் தொங்கும் பாரோமீட்டர் சரிதானா என்று இன்னொன்றோடு ஒப்பிடுங்கள், சேம்பரின் அளவுத்திருத்தச் சான்றில் தேதியைப் பாருங்கள். கிடைத்த எண்ணை முந்தையவர் எழுதிய எண்ணுக்குக் கீழே, தேதியோடு உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு லேசரைப் பார்க்கப் போங்கள்.